புறவாசலில் சிறு குளம்: சரள் மண்ணில் தண்ணீர் நிற்குமா?

ரெட்டியார்பட்டி வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைக்குத் தெற்கே ரெட்டியார்பட்டிப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். புறவாசலில் 40 அடிக்கு 25 அடி இடம் காலியாகக் கிடக்கிறது. அதில் தாமரையும் அல்லியும் பூக்கிற, தவளையும் தட்டானும் தாமாகவே வந்து சேர்கிற ஒரு சிறு குளம் வெட்ட வேண்டும் என்பது என் விருப்பம். வண்ண மீன் தொட்டியோ, விளக்குப் போட்ட செயற்கை நீரூற்றோ வேண்டாம். 10 அடி நீளம், 7 அடி அகலம், நடுவில் இரண்டரை அடி ஆழம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

மண் மேலே ஓரடிக்குச் செம்மண், அதற்குக் கீழே கடப்பாரை இறங்காத சரள். தென்மேற்கு மூலையில் ஒரு வேம்பும், தெற்கு மதிலை ஒட்டி இரண்டு தென்னைகளும் நிற்கின்றன. கழிவறைத் தொட்டி வடமேற்கில் இருக்கிறது. குழாயில் தாமிரபரணித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது, ஆனால் பாத்திரத்தில் வெள்ளை படியும் அளவுக்கு உப்பு.

நெகிழித் தாள் விரிக்காமல், களிமண்ணை மிதித்தே தண்ணீரை நிறுத்த முடியுமா என்பது என் முதற்கேள்வி. ஈசானிய (வடகிழக்கு) மூலையில்தான் நீர்நிலை அமைய வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதையும் அறிந்தவர்கள் சொல்லலாம். பேரப்பிள்ளைகள் இருவர் விடுமுறைக்கு வந்துபோவார்கள் என்பதையும் கருத்தில் கொண்டு ஆலோசனை கூறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அம்பை நஞ்சைக்காரன் எழுதியது:

ஐயா, வணக்கம். குளம் வெட்ட நினைப்பவர்கள் எல்லோரும் ஆழத்தையும் அகலத்தையுமே முதலில் பேசுகிறார்கள். நம் பக்கத்துப் பழைய குளங்களைச் சற்று நின்று பார்த்தால், வரத்து (தண்ணீர் வரும் வழி) எந்தப் பக்கம், மறுகால் (மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வழி) எந்தப் பக்கம் என்பதை முடிவுசெய்த பிறகே கரை போட்டிருக்கிறார்கள் என்பது விளங்கும். உங்கள் பதிவில் அந்த இரண்டுமே இல்லை. ஆதலால் களிமண்ணா தாளா என்ற கேள்விக்குப் போவதற்கு முன் அதைப் பேசிவிடுவோம்.

வரத்துக்கு உங்கள் மொட்டைமாடியே போதும். 1000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் கிடைக்கும். நீங்கள் சொல்லும் அளவுக்குச் செங்குத்தாக வெட்டினால் 5000 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளும்; ஓரங்களில் படி விட்டு வெட்டும்போது 3500 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஐப்பசியில் 4 செ.மீ. மழை ஒன்று பெய்துவிட்டாலே குளம் நிரம்பிவிடும். முதல் மழைத் தண்ணீரில் மாடியின் தூசியும் பறவை எச்சமும் வரும் என்பதால் அதை மட்டும் வெளியே திருப்பிவிட ஒரு திருகு வைத்துக்கொள்ளுங்கள்.

நிரம்புவது எளிது, நிரம்பிய பிறகு வருகிற தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம்; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவாயிற்று. அந்த அளவை விட்டுவிடுவோம், மணிக்கு 10 செ.மீ. என்று ஒரு மழை பிடித்தாலே உங்கள் மாடியிலிருந்து நொடிக்கு இரண்டரை லிட்டர் வீதம் குளத்துக்குள் இறங்கும். இரண்டு அங்குலக் குழாயை மறுகாலாக வைத்தால் அது திணறும். நான்கு அங்குலக் குழாய் வையுங்கள், வாயில் மீன் தப்பாத கம்பிவலை பொருத்துங்கள், வெளியேறும் தண்ணீரை வாழைப்பாத்திக்கோ உறிஞ்சுகுழிக்கோ கொண்டுசெல்லுங்கள். தெருச் சாக்கடையில் விடுவது வேண்டாம். வீட்டு அஸ்திவாரத்தை நோக்கிச் சாய்வு இருக்கவே கூடாது.

எங்கள் அம்பாசமுத்திரப் பக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு, உங்களுக்கு அது இராது என்று நினைக்கிறேன். கார், பிசானம் ஆகிய நெல் சாகுபடிப் பருவங்களுக்குக் கால்வாயில் தண்ணீர் விட்டுவிட்டால் வயலையொட்டிய வீடுகளில் நிலத்தடி நீர் மேலேறி வந்துவிடும். அப்போது குளத்தில் தண்ணீர் குறைவாக இருந்தால் அடியில் விரித்த தாள் உப்பிக்கொண்டு மேலே எழும். வயல்வெளியில் வீடு கட்டியிருக்கும் வேறு யாரேனும் இதைப் படித்தால், தோண்டுவதைக் குறைத்துக்கொண்டு சுற்றிலும் கரையை உயர்த்துவது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

மானூர்க் கரிசல் எழுதியது:

களிமண் குளத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதில் எனக்குப் பழக்கம் உண்டு என்பதால் எழுதுகிறேன். எங்கள் கரிசலில் குழி தோண்டினால் முதல் மழையிலேயே தண்ணீர் நின்றுவிடும். தாள் என்ற பேச்சே எழாது. ஆனால் உங்களுடையது சரள். அதன்மேல் களிமண்ணை அப்படியே பூசினால் நாளடைவில் களியின் நுண்துகள் சரளின் இடுக்குகளில் இறங்கிவிடும், தண்ணீரும் கூடவே இறங்கிவிடும். செய்வதானால் குழியை ஓரடி கூடுதலாக வெட்டி, அடியில் சலித்த செம்மண்ணைப் பரப்பி இறுக்கி, அதன்மேல் களியை நான்கு விரற்கடைப் படலங்களாகப் போட்டு, ஒவ்வொன்றையும் நனைத்து மிதித்து, மொத்தம் முக்கால் அடியிலிருந்து ஓரடி கனம் வருமாறு கட்ட வேண்டும். ஓரங்கள் செங்குத்தாக இருந்தால் களி சரிந்துவிடும். ஓரடி இறக்கத்துக்கு மூன்றடி சாய்வு வேண்டும். 7 அடி அகலத்தில் அந்தச் சாய்வைக் கொடுத்தால் நடுவில் ஓரடிக்குச் சற்று மேல் ஆழம் கிடைக்கும், அவ்வளவுதான். இரண்டரை அடி ஆழமும் களிமண் கரையும் வேண்டுமென்றால் குளம் குறைந்தது 15 அடி அகலமாவது இருக்க வேண்டும்.

மின்சார எர்த் குழிக்குப் போடும் பென்டோனைட் என்னும் களித்தூளைக் களியோடு கலக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்தத் தூள் நனைந்ததும் பல மடங்கு உப்பிப் பொந்துகளை அடைப்பது உண்மை. ஆனால் சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீரில் அதன் உப்புதிறன் குறைந்துவிடும். உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வெள்ளை படிகிறது என்கிறீர்கள். எனவே அதை நம்பிச் செலவு செய்ய வேண்டாம்.

களி வேண்டுமென்று பக்கத்துக் குளத்தில் போய் அள்ளிவிடாதீர்கள், வட்டாட்சியர் அனுமதி வேண்டும்.

வள்ளியூர்க் காற்று எழுதியது:

மழையைப் பற்றி அம்பை அண்ணாச்சி எழுதிவிட்டார். நான் காற்றைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் நம் சீமையில் சிறு குளங்களை வற்றவைப்பது சித்திரை வெயிலைக் காட்டிலும் ஆனி, ஆடிக் காற்றுதான் என்பது என் எண்ணம்.

தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஈரம் வற்றிப்போய் நம்மிடம் வருகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே நாள்களில் பாளையங்கோட்டையில் துணி காய அரைமணி நேரம் போதும். இந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலிருந்து பணகுடி வரை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளைக்கு 7 மி.மீ. ஆவியாகிறது என்று கொள்வோம். காற்று பலத்த நாள்களில் இதைவிடக் கூடும். 10 அடிக்கு 7 அடிக் குளத்தின் பரப்பு ஏறத்தாழ ஆறரை சதுர மீட்டர். ஆக, நாளொன்றுக்கு 45 லிட்டர், அதாவது மூன்று குடம் தண்ணீர் காற்றோடு போகும். ஊற்றாமல் விட்டால் ஒரு மாதத்தில் மட்டம் 8 அங்குலம் இறங்கிவிடும்.

மூன்று குடம்தானே, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஊற்றிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் கவனம் தேவை. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. உங்கள் கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 1 கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 45 கிராம், மாதத்துக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் உப்பைக் குளத்தில் கொட்டுகிறீர்கள் என்று பொருள். 3500 லிட்டர் குளத்தில் இது மாதந்தோறும் லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கூட்டும். மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை இப்படியே போனால் தாமரை இலை ஓரம் கருகுவதைப் பார்த்துவிட்டு நோய் என்று மருந்து தெளிப்பீர்கள். நாங்குநேரி, இராதாபுரம் பக்கங்களில் கிணற்றுத் தண்ணீர் இதைவிட மோசம்.

ஆகவே ஈடுசெய்யும் தண்ணீர் குழாய்த் தண்ணீராகவே இருக்கட்டும். அதில் குளோரின் இருக்கும் என்பதால் ஒரு டிரம்மில் பிடித்து இரண்டு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள், டிரம்மின் வாயைத் துணியால் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணீர் மறுகால் பாயும்போது சேர்ந்த உப்பு கழுவப்பட்டுவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாகக் குளத்தைக் கால்பங்கு இறைத்து வாழைக்கு விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

காற்றைத் தடுக்க மேற்குப் பக்கம் வெட்டிவேரோ எலுமிச்சைப் புல்லோ இரண்டு வரிசை வையுங்கள். சுவர் எழுப்புவதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

பேட்டை மேஸ்திரி எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். இங்கே எல்லோரும் தாளை நோக்கிப் போவது தெரிகிறது. நான் சிமெண்ட் வேலை செய்பவன், ஆதலால் என் தொழிலுக்குப் பரிந்து பேசுவதாகக் கொள்ளாமல் படிக்க வேண்டும்.

நம் ஊர்ப் புறவாசல்களில் பெருச்சாளி இல்லாத வீடு அரிது. தாளுக்கு அடியில் ஈரமும் குளிர்ச்சியும் இருப்பதால் அது வளை தோண்டிக்கொண்டு வந்து அடியிலிருந்து கடித்துவிடும். எந்த இடத்தில் கடித்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கக் குளத்தையே காலி செய்ய வேண்டியிருக்கும். தாளுக்கு மெத்தையாகச் சணல் சாக்கு விரிக்கச் சொல்வார்கள். செம்மண்ணில் அதைக் கறையான் தின்றுவிடும். மாறாக, பெரோசிமெண்ட் முறையில் 6 மி.மீ. கம்பியை வலையாகக் கட்டி, அதன்மேல் கோழிவலை இரண்டு மடிப்புப் போட்டு, ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவையை ஒன்றரை அங்குலக் கனத்துக்கு ஒரே நாளில் பூசி முடித்தால், பெருச்சாளிக்கு வழியில்லை. பூச்சை இரண்டு நாளாகப் பிரித்துச் செய்தால் அந்தச் சேர்ப்பில்தான் கசியும். இரண்டு வாரமாவது ஈரச்சாக்குப் போட்டு நனைக்க வேண்டும்.

புதுச் சிமெண்டில் சுண்ணாம்பு இறங்கும், அந்தத் தண்ணீரில் மீன் பிழைக்காது. நிரப்பிச் சில நாள் விட்டு இறைத்து, மறுபடியும் நிரப்பி இறைக்க வேண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பது நம் பக்கத்தில் எல்லோரும் செய்வது. தண்டு அழுகும்போது உண்டாகும் புளிப்பும் கரியமில வாயுவும் சுண்ணாம்பின் காரத்தைத் தணிக்கின்றன. மீன் விடுவதற்கு முன், தண்ணீரின் காரத்தை அளக்கும் பி.எச். தாள் வாங்கிச் சோதியுங்கள். எட்டரைக்குக் கீழே வந்த பிறகு விடலாம்.

மானூர்க் கரிசல் எழுதியது:

மேஸ்திரி அண்ணாச்சி சொல்வது சரள் நிலத்துக்குப் பொருந்தும். கரிசலில் ஒன்றரை அங்குல பெரோசிமெண்ட் ஒரு கோடைக்குத் தாங்காது. மண் சுருங்கி விரியும்போது வெடித்துவிடும். அங்கே தாளோ வெறும் களியோதான்.

நாங்குநேரி ஆசிரியை எழுதியது:

பேரப்பிள்ளைகள் வருவார்கள் என்று ஐயா எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எல்லோரும் மண்ணையும் சிமெண்டையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சிறு குழந்தை மூழ்குவதற்கு இரண்டு அங்குலத் தண்ணீரே போதும். தாமரை இலை மூடிய குளம் குழந்தையின் கண்ணுக்குத் தரையைப் போலவே தெரியும் என்பதை மறக்கக் கூடாது.

குளத்தின் வாயில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கனமான கம்பிவலைச் சட்டம் ஒன்றைக் கரையின்மேல் அமருமாறு செய்து பொருத்துங்கள். சட்டங்கள் மூன்றாகப் பிரித்துத் தூக்கக் கூடியவையாக இருந்தால் துப்புரவு செய்ய வசதி. செடிகள் வலையின் கண் வழியே மேலே வந்துவிடும். ஒரு பெரியவர் ஏறி நின்றாலும் வளையாத வலுவில் இருக்க வேண்டும், மெல்லிய வலை உதவாது. இது போக, சுற்றிலும் குழந்தை ஏற முடியாத உயரத்தில் வேலியும், வெளியிலிருந்து குழந்தை திறக்க முடியாத கொக்கியும் தேவை. பிள்ளைகள் ஆறேழு வயதைத் தாண்டிய பிறகு வேலியை எடுத்துவிடலாம்.

கொசுவைப் பற்றி: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரைத்தான் விரும்புகிறது. முட்டையிலிருந்து கொசுவாவதற்கு நம் வெப்பத்தில் எட்டு, பத்து நாள்கள் போதும். உள்ளாட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகப் பார்வையிட வருவார்கள். புழு நெளியும் குளத்தைக் கண்டால் மருந்து ஊற்றிவிட்டுப் போவார்கள், அல்லது அபராதம் விதிப்பார்கள். ஆகையால் தண்ணீர் நிரப்பிய முதல் வாரத்திலேயே மீன் விடும் ஏற்பாடு இருக்க வேண்டும். கப்பி மீன்களைச் சுகாதாரத் துறையினரிடம் கேட்டால் இலவசமாகவே கொடுப்பார்கள்.

தட்டான் நோக்கி எழுதியது:

டீச்சர் அக்கா சொன்ன பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றையும் விடாமல் செய்யுங்கள், ஐயா. மீன் விஷயத்தில் மட்டும் மாற்றுக் கருத்து உண்டு.

கப்பியும் கம்பூசியாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மறுகால் பாயும் ஒரு நாளில் அவை ஓடைக்கும், ஓடையிலிருந்து குளத்துக்கும் போய்விடும். கம்பூசியா தவளைக் குஞ்சுகளையும் பிற மீன்களின் முட்டைகளையும் கொறித்துவிடுகிறது. தவளையும் தட்டானும் வேண்டும் என்று கேட்பவருக்கு அது பொருந்தாது. நம் வயல் வாய்க்கால்களிலேயே நீர்மட்டத்தை ஒட்டி நீந்துகிற, தலைமேல் ஒரு வெள்ளிப் புள்ளி மின்னுகிற விரல் நீள மீன் உண்டு. மேல்மட்டத்தில் திரிவதால் கொசுப்புழுவைத் தவறவிடாது. பத்துப் பன்னிரண்டு விட்டால் இந்த அளவுக் குளத்துக்குப் போதும், தீவனமும் போட வேண்டியதில்லை. வாய்க்காலில் பிடிக்கும்போது விரால், குறவைக் குஞ்சுகள் கலந்துவிடாமல் பாருங்கள். அவை வளர்ந்தால் மற்றவை எதுவும் மிஞ்சாது. கடையில் தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று விற்கப்படும் சக்கர் மீனையும், தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் தொடவே வேண்டாம்.

நிரப்பிய முதல் வாரத்தில் தண்ணீர் மீனுக்குப் பக்குவப்பட்டிருக்காது என்ற கவலை இருந்தால், அந்த இடைவெளிக்கு பி.டி.ஐ. என்னும் நுண்ணுயிர் மருந்து உண்டு. அது கொசுப்புழுவைக் கொல்லும். மீனுக்கும் தட்டான் குஞ்சுக்கும் கேடில்லை. தட்டானின் குஞ்சுப் பருவம் தண்ணீருக்குள்தான் கழிகிறது, அது தின்பதும் பெரும்பாலும் கொசுப்புழு போன்றவற்றைத்தான். அது கூடுடைத்து வெளியேறுவதற்கு நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு வேண்டும் என்பதால் ஓரத்துச் செடிகளை அழகுக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது.

செடிகளில் நீர்பிரம்மி, வல்லாரை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றை மேல்படியில் வையுங்கள், வசம்பையும் வைக்கலாம். பத்தமடைப் பாய் முடையும் கோரை நம் ஆற்றங்கரைச் செடிதான், ஒரு தொட்டியில் அடக்கி வைத்தால் அழகாக இருக்கும். சம்பங்கோரை மட்டும் வேண்டாம், அதன் வேர்நுனி தாளைத் துளைத்துவிடும். நீருக்கடியில் வேலம்பாசி ஒரு கைப்பிடி போதும். பாளையங்கால்வாயில் பச்சைக் கம்பளம் போல மிதக்கிறதே, அந்த ஊதாப்பூ ஆகாயத்தாமரையை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தாமரையைக் குளத்தின் அடிமண்ணில் நேரே நட வேண்டாம். அதன் கிழங்கின் முனை ஈட்டிபோல் கூர்மையானது, ஓடித் திரிந்து குளம் முழுவதையும் பிடித்துவிடும். இரண்டடி அகலப் பிளாஸ்டிக் தொட்டியில் முக்கால் பங்கு களிமண் போட்டு, முளை மேலே நிற்குமாறு கிழங்கைப் படுக்கைவசத்தில் வைத்து, மேலே கூழாங்கல் பரப்பி இறக்குங்கள். தொடக்கத்தில் தொட்டிக்கு மேல் அரையடித் தண்ணீர், இலைகள் எழும்பிய பிறகு ஓரடிக்குச் சற்று மேல். ஆறு மணி நேர வெயில் இல்லாவிட்டால் இலை வருமே தவிரப் பூ வராது. அல்லிக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தால் சமாளித்துக்கொள்ளும்.

ஈசானிய மூலையைப் பற்றி ஒரு வரி: வேம்பு தென்மேற்கில், தென்னை தெற்கில், கழிவறைத் தொட்டி வடமேற்கில் இருக்கும் உங்கள் மனையில் வெயிலும் சுத்தமும் வடகிழக்கில்தான் இருக்கின்றன. வீட்டாரோடு வாதிட வேண்டிய தேவையே இல்லை.

ரெட்டியார்பட்டி வாசி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. களிமண் எண்ணத்தைக் கைவிட்டேன். 15 அடி அகலத்துக்கு இடம் விட முடியாது. மாடித் தண்ணீரை வரத்தாகவும், வடகிழக்கு மூலையிலிருந்து கிழக்கு மதிலோர வாழைப்பாத்திக்கு நான்கு அங்குல மறுகாலும் என்று தீர்மானித்திருக்கிறேன்.

இனித் தாளா, பெரோசிமெண்டா என்பதுதான் மிச்சம். பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் (அரை மி.மீ.) எச்.டி.பி.இ. நெகிழித் தாள் எளிதாகக் கிடைக்கிறது. மற்றொன்று, இந்தக் குளத்துக்கு மோட்டார் வேண்டுமா? பாம்பு வருமே என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள், அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

தட்டான் நோக்கி எழுதியது:

தவளை வந்தால் பாம்பு எட்டிப்பார்க்கும் என்பதை மறுக்க முடியாது. பெரும்பாலும் வருவது தண்ணீர்ப்பாம்பு. கோபக்காரன், கடிக்கும், ஆனால் நஞ்சில்லை. நல்லபாம்பும் தவளைக்காக வரக்கூடும். அது தங்குவதற்கு இடம் கொடுக்காமலிருப்பதே நம் கையில் உள்ளது. படங்களில் காட்டுவதுபோல் குளத்தைச் சுற்றிப் பெரிய கற்களை இடுக்குவிட்டு அடுக்கக் கூடாது. கற்களைக் கலவையில் பதித்து இடைவெளியை அடைத்துவிடுங்கள். வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் பத்தடி தூரமாவது புல் முளைக்காத வெறுந்தரை இருக்கட்டும், விறகும் தேங்காய் மட்டையும் வேறு பக்கம் போகட்டும், இரவில் அந்தப் பக்கம் போகும்போது விளக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வலையில் பாம்பு சிக்கிக்கொள்ளும் என்பதால், மீனைக் கொக்கிடமிருந்து காக்க மீன்வலை விரிக்கும் யோசனை தோன்றினால் அதை விட்டுவிடுங்கள். மடையானும் மீன்கொத்தியும் நான்கு மீனை எடுத்துக்கொண்டு போகும். அல்லி இலைக்கடியில் மற்றவை பெருகிக்கொள்ளும்.

மோட்டார் தேவையில்லை என்பதே என் கருத்து. மீன் குறைவாகவும் செடி மிகுதியாகவும் இருந்து, நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடினால், தண்ணீர் தானே தெளியும். நிரப்பிய முதல் சில வாரங்களில் பச்சைப் பசேலென்று மாறும். அப்போது பயந்துபோய் இறைத்துவிட்டுப் புதுத்தண்ணீர் விட்டால் மறுபடியும் முதலிலிருந்து பச்சையாகும். செடி வளர்ந்து நிழல் விழும் வரை விட்டுவைக்க வேண்டும்.

மேலப்பாளையம் மின்பணியாளர் எழுதியது:

மோட்டார் வைப்பதாகப் பின்னால் முடிவுசெய்தால் இதைக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குளத்துத் தண்ணீர் முழுவதும் சுழல வேண்டும் என்று கொண்டால் மணிக்கு 1750 லிட்டர் தள்ளும் சிறு மோட்டார் போதும். 40 வாட் அளவில் கிடைக்கும். இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, இரண்டு மாதக் கணக்கில் ஏறத்தாழ 58 யூனிட். இதைவிட முக்கியம், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் தண்ணீருக்குள் எந்த மின்கருவியையும் இறக்கக் கூடாது. கேபிளில் ஒட்டு இருக்கக் கூடாது, பிளக் மழை படாத உயரத்தில் இருக்க வேண்டும்.

பேட்டை மேஸ்திரி எழுதியது:

ஐயா, தாள்தான் என்று மனம் போனால் தடுக்க மாட்டேன். செலவும் குறைவு, இடம் மாற்றவும் முடியும். ஆனால் 500 மைக்ரான் எச்.டி.பி.இ. விறைப்பானது. பெரிய பண்ணைக்குட்டையின் சாய்வுக்கு அது பொருந்தும். படி விட்ட சிறு குளத்தின் மூலைகளில் மடிப்பு விழுந்து, மடிப்பு முறிந்து ஒழுகும். 1 மி.மீ. இ.பி.டி.எம். ரப்பர் தாள் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு, வெயிலுக்கும் பல ஆண்டு தாங்கும். கிடைக்காவிட்டால் சில்பாலின் என்னும் நெகிழித் தார்ப்பாயில் 250 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 250 கிராம்) கனமுள்ளதைப் போடுங்கள், ஆனால் வெயில் படும் ஓரத்தை மண்ணாலும் கல்லாலும் முழுவதும் மறைத்துவிட வேண்டும்.

பெருச்சாளிக்கு ஒரு சமரசம் சொல்கிறேன். குழியை வெட்டியதும் கூர்க்கற்களைப் பொறுக்கிவிட்டு, கோழிவலை ஒரு மடிப்பு விரித்து, மெலிந்த சிமெண்ட் கலவையை அரை அங்குலத்துக்குப் பூசிவிடுங்கள். அது தண்ணீரை நிறுத்துவதற்காக அல்ல, பல் படாமலிருப்பதற்காக. அதன்மேல் சலித்த மணல், மணலுக்கு மேல் பழைய பிளெக்ஸ் பேனர் இரண்டு மடிப்பு, அதற்கு மேல் தாள். பேனரைக் கறையான் தொடாது, நம் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

தாளின் அளவு: நீளம் 10 அடியோடு ஆழத்தின் இருமடங்கு 5 அடி, இருபுறமும் மடித்துப் புதைக்க ஓரடி வீதம் 2 அடி, ஆக 17 அடி. அகலம் அதே கணக்கில் 14 அடி. உள்ளே படி விடுவதால் தாள் கூடுதலாகத் தேவைப்படாது. படியின் கிடைப்பகுதி அடியின் அகலத்திலிருந்துதான் குறைகிறது. மறுகால் குழாய்க்காகத் தாளைத் துளைக்காதீர்கள். அந்த இடத்தில் மட்டும் கரையை ஓரங்குலம் தாழ்த்தி, தாளை அதன்மேல் வழியவிட்டு, வழியும் தண்ணீர் குழாயின் வாய்க்குள் விழுமாறு ஒரு சிறு தொட்டி கட்டிக்கொள்ளலாம்.

வேலையை ஆவணிக் கடைசியில் தொடங்குங்கள். ஆடிக் காற்றில் தாள் விரிக்க ஆள் பத்தாது, ஐப்பசியில் குழிக்குள் தண்ணீர் நிற்கும். தை கழிந்ததும் தாமரைக் கிழங்கை இறக்கலாம். கரையின் நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்பதை ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்துத்தான் பார்க்க வேண்டும், கண்ணளவு ஏமாற்றும். ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் வழியும், எதிர்ப்பக்கத்தில் தாள் தெரிந்துகொண்டே இருக்கும். தண்ணீரை முக்கால் பங்கு நிரப்பி இரண்டு நாள் விடுங்கள். பாரத்தில் தாள் இழுபட்டு அடியில் படிந்த பிறகு ஓரத்தைக் கையால் இழுத்து மடிப்பைச் சரிசெய்து, அதன் பிறகு முழுவதும் நிரப்புங்கள். மிஞ்சிய தாளை வெட்டுவது அதற்கும் பின்னால்தான்; கத்தரியை முன்னதாக எடுத்துவிட்டால் ஓரடி குறைந்துபோன பக்கத்தை ஒட்டவைக்க வழியில்லை.